பதினான்காவது பத்தி

ஆபீஸுக்குப் பைக்கில் போவதா, கார் வாங்கிப் போவதா என்று முடிவுசெய்ய ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளேயே ஃபைல் திறந்தார் என்று சொன்னால், நாசரேத்தில் இருக்கிற என் தம்பி நம்பமாட்டேன் என்கிறான். "டூட்டி பாத்துப் பாத்து ஒனக்கு மூளை கலங்கிட்டு, அக்கா" என்று போனில் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நானும் சிரித்தவள்தான். சிரித்ததோடு விடாமல் அந்த ஃபைலில் என் கையால் இரண்டு வரி எழுதியும் கொடுத்தேன். அந்த வரிகளை நினைத்தால் என் விரலை நானே ஒடித்துக்கொள்ளலாம்போல வருகிறது.

டெல்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், ஏழாவது மாடி. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு ஜம்புநாதன் சார் வீடு. நான் ஹெலன், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் மஸ்கட்டில். ஜம்பு சாருக்குக் கும்பகோணம் பக்கம். ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். அவர் மனைவி வைதேஹி மோதி பாக்கில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். ஒரே பையன் ஹரிஷங்கருக்கு முப்பத்தொரு வயது. எட்டு வருடமாக அவன் எழுதாத அரசாங்கப் பரீட்சை இல்லை. முனிர்காவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பிழைப்புக்கு ஒரு கோச்சிங் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவான்.

நல்ல மனிதர்கள். நான் மீன் பொரிக்கிற நாளில் டீச்சர் சத்தம் காட்டாமல் ஊதுபத்தி கொளுத்திக்கொள்வார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் தூக்குவாளியில் வரும்.

ஜம்பு சாருக்கு ஃபைல் இல்லாமல் மூச்சு விட வராது. முப்பத்துநாலு வருடம் நோட்டிங் எழுதிய கை. வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்க ஒரு ஃபைல், ஹரியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒரு ஃபைல். ஆபீஸில் நாள்முழுக்க இங்கிலீஷும் இந்தியும். அதனால் வீட்டு ஃபைல் எல்லாம் தமிழில்தான் எழுதுவார். பத்திக்கு எண் போட்டு, ஓரம் விட்டு, அச்சடித்த மாதிரி எழுத்து. யார் யாருக்குச் சம்பந்தம் உண்டோ அவர்கள் எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் கடுகுகூட வாங்கமாட்டார்.

போன ஆகஸ்டில், நல்ல வெளிச்சத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு கொய்யாப்பழ வண்டிமேல் பைக்கை விட்டுவிட்டார். "வண்டியே என் கண்ணுல படலை சிஸ்டர்" என்றார். எனக்குத் துணுக்கென்றது. நானே கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு பட்டுப்போய், வலது பக்கப் பார்வை முக்கால்வாசி போயிருந்தது. நேராகப் பார்த்தால் கடைக்கோடி எழுத்துவரைக்கும் படித்துவிடுகிறார். வலது கைப்பக்கம் யானை வந்தாலும் தெரியாது. போனது போனதுதான், இனி திரும்பாது, சொட்டுமருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜம்பு சார் ஆபீஸுக்குப் போகிற வழியில் நாலு கோல் சக்கர். டெல்லியில் அந்த ரவுண்டானாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருகிற வண்டி எல்லாம் வலது பக்கத்திலிருந்துதான் வரும், எவனும் பிரேக்கில் கால் வைக்கமாட்டான்.

வைதேஹி டீச்சர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"கார் வாங்கிடலாம்னா. சின்னதா ஒண்ணு போதும். நான்தான் லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கேனே. கார்த்தால உங்களை விட்டுட்டு நான் ஸ்கூலுக்குப் போறேன், சாயந்திரம் வந்து கூட்டிண்டு வரேன். மேலே பேச்சே வேண்டாம்."

"பேச்சு வேண்டாம்னா எப்படி? பரிசீலனை பண்ணணும்" என்றார் இவர்.

மறுநாள் பழுப்பு அட்டை, பச்சை டேக், மேலே தலைப்பு: 'அலுவலகப் பயணம்: இருசக்கர வாகனம், நான்குசக்கர வாகனம், ஒப்பீடு.' சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிட்டு என்னிடமும் நீட்டினார்.

"சிஸ்டர், மெடிக்கல் ஒப்பீனியன் உங்களோடது. பத்தி ஆறு உங்களுக்கு ஒதுக்கியிருக்கேன்."

"சார், இதுக்கெல்லாம் ஒரு ஃபைலா? மெட்ரோல போனா என்ன? ஐ.என்.ஏ. ஸ்டேஷன் நம்ம வாசல்ல இருக்கு. வண்டியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்."

"மெட்ரோ இந்த ஃபைல்ல வராது."

"ஏன் வராது?"

"தலைப்பைப் பாருங்கோ. ரெண்டு சக்கரம், நாலு சக்கரம். ரயில் ஸ்கோப்புல இல்லை."

டீச்சர் அடுக்களையிலிருந்து தலையிலடித்துக்கொண்டார். "கேட்டியா ஹெலன்? இதோடதான் முப்பத்திரண்டு வருஷமா குப்பை கொட்டறேன்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பத்தி ஆறில் எழுதினேன்: 'வலது பக்கப் பார்வை இல்லை. பைக் ஓட்டினால் என்றைக்காவது ஒருநாள் அடிபடுவது நிச்சயம்.' பயப்படட்டும் என்றுதான் அப்படிப் போட்டேன். ஜம்பு சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டுதரம் படித்தார். 'நிச்சயம்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டார். என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை வேறு. முட்டாள் சிறுக்கி நான்.

செப்டம்பர் போயிற்று. ஃபைல் வளர்ந்தது. பைக்குக்கு அனுகூலம்: ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தலாம், எந்தச் சந்திலும் நுழையலாம், பழகிய வண்டி. பிரதிகூலம்: மழை, குளிர், புகை. காருக்கு அனுகூலம்: நனையவேண்டாம், மனைவி உடன் வருவாள். பிரதிகூலம்: நம் பிளாக்கில் நிறுத்த இடத்துக்கு அடிதடி, பள்ளிக்கும் ஆபீஸுக்கும் நேரம் பொருந்தாது, வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறவனுக்கு எதற்குப் புது வண்டி. டீச்சர் தன் முறை வந்தபோது ஒரே வரி எழுதினார்: 'எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.' அதற்குக் கீழே இவர் எழுதியிருந்தார்: 'பேசவும்.'

அதைப் பார்த்துவிட்டு டீச்சர் என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதார்.

"பேசவுமாம்! நான் என்ன இவர் செக்ஷன் கிளார்க்கா, இவரோட ரூமுக்குப் போய்ப் பேசறதுக்கு? இனிமே அந்தக் கண்றாவியத் தொடமாட்டேன் ஹெலன். என்ன வேணா எழுதிக்கட்டும்."

"விடுங்க டீச்சர். சாவிய எடுத்து ஒளிச்சு வைங்க."

"வச்சேனே. ரெண்டாவது சாவி ஆபீஸ் டிராயர்ல இருக்காம். பஸ்ல போய் எடுத்துண்டு வந்துட்டார்."

சொன்னபடியே டீச்சர் அதன்பிறகு ஃபைலைத் தொடவில்லை. அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓடியது. ஜம்பு சார் தினமும் காலை எட்டரைக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே போவார். டீச்சர் பால்கனியில் நின்று, வண்டி கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் பார்ப்பார். ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன் என்று போன் வருகிறவரைக்கும் அவருக்குக் காப்பி இறங்காது. பள்ளிக்குப் போய் முதல் வகுப்பு எடுக்கும்போதும் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டே எடுப்பாராம்.

நவம்பரில் புகை இறங்கியது. எதிர் பிளாக்கே தெரியாது. வார்டு முழுக்க மூச்சுத்திணறல். எனக்கு ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. டெல்லிக் குளிருக்கென்றே வருகிற வெள்ளை முள்ளங்கியைப் போட்டு அரைத்துவிட்ட சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட், கீரைமசியல். ஹரி வந்திருந்தான். ஒல்லியாக, தாடியும் அதுவுமாக, ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு.

"ரிசல்ட் என்னடா ஆச்சு?" என்றார் அப்பா.

"மெயின்ஸ் போச்சுப்பா. மூணு மார்க்."

"இன்னும் எத்தனை அட்டெம்ப்ட் இருக்கு?"

"அடுத்த வருஷம் ஒண்ணு. அப்பறம் ஏஜ் ஓவர்." பிறகு அம்மாவைப் பார்த்து, "சாம்பார் இன்னும் தோடா-ஸா போடும்மா" என்றான்.

ஜம்பு சார் எழுந்துபோய் இரும்பு பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துவந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, பேனாவோடு பிள்ளை முன்னால் வைத்தார்.

"இதைப் பார்த்து உன் அபிப்பிராயத்தை எழுது. அவசரமில்லை. நன்னா படி."

"அந்தக் கார் மேட்டரா? அச்சா, அச்சா."

அவன் எச்சில் கையை உயர்த்திக்கொண்டு இடதுகையால் பேனாவை வாங்கினான். பக்கத்தைப் பார்த்தான். நான் ரோஸ்ட் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. கீழே கிறுக்கிவிட்டுத் தள்ளினான். ஜம்பு சார் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுத ஒண்ணுமில்லையாடா?"

"இல்லப்பா. தீக் ஹை. உனக்கு எது சரியோ அதைப் பண்ணு."

"சரி" என்று ஃபைலை மூடினார். அன்றைக்கு அவர் மோர்சாதம் சாப்பிடவில்லை.

ஜனவரியில் மூடுபனி. பத்து மணிக்கும் விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்கின்ற நாட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது கோல் சக்கரில், வலதுபக்கத்திலிருந்து வந்த வேன் அவரைத் தட்டிவிட்டது. நல்லவேளை, அந்த டிரைவர் மெதுவாக வந்திருக்கிறான். அவனே தூக்கிப்போட்டுக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். காறை எலும்பு இரண்டாக முறிந்து, விலாவில் ஒரு கீறல். தலைக்கு ஒன்றுமில்லை.

டீச்சர் ஆட்டோவில் ஓடிவந்தார். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. ஆபரேஷனுக்கு முன்னால் கண் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள், கண்ணில் அழுத்தம் இருக்கிறவருக்கு மயக்கமருந்து பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று.

"அது அந்த ஃபைல்லதான் கோத்து வச்சிருப்பார் ஹெலன். பீரோ சாவி அவர் சட்டைப்பையில. நீ போய் எடுத்துண்டு வரியா? நான் இங்கேயே இருக்கேன்."

நான் போனேன். பீரோவைத் திறந்து, ரிப்போர்ட்டைத் தேடிப் பக்கம் புரட்டினேன். பத்தி பன்னிரண்டு, பதின்மூன்று. அப்புறம் இது.

'14. இருசக்கர வாகனத்தின் அனுகூலங்களில் இதுவரை குறிப்பிடாத ஒன்று. ஓட்டுபவருக்கு வலது பக்கம் பார்வை இல்லை. சகோதரி ஹெலனின் கருத்துப்படி (பத்தி 6) விபத்து நிச்சயம். ஓட்டுபவர் மே மாதத்துக்குள், பணியில் இருக்கும்போதே இறந்தால், மகன் ஹரிஷங்கருக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். வயது வரம்பு தளர்த்தப்படும். குவார்ட்டர்ஸை உடனே காலிசெய்ய வேண்டியதில்லை. கார் வாங்கினால் இந்த அனுகூலம் இல்லை. மகனின் கருத்துக்கு வைக்கப்படுகிறது.'

கீழே நீல மையில் ஹரியின் கையெழுத்து. நவம்பர் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அதற்குக் கீழே ஜம்பு சார்: 'மகன் பார்த்தார். ஆட்சேபம் இல்லை. தற்போதைய முறையே தொடரலாம்.'

ஆபீஸில் ஆள் செத்தால் பிள்ளைக்கு வேலை போட்டுக்கொடுக்கிற விவகாரம் எல்லாம் அவர் மேஜைதான் என்பது எனக்குத் தெரியும். இத்தனை கேஸ் முடித்துக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்வார். மெட்ரோ ஏன் ஃபைலில் வராது என்பதும் அந்த நிமிஷம் புரிந்தது. பயமுறுத்த நான் எழுதின வரியை எடுத்துச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாரே பாவி மனுஷன்! பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து, "இயேசப்பா, இயேசப்பா" என்று கொஞ்ச நேரம் புலம்பினேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபைலோடு போனேன்.

காட்டுவதா மறைப்பதா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் வைத்து டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஹரியின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவன் இதைப் படிக்கலை ஹெலன்."

"சைன் போட்டிருக்கானே டீச்சர்."

"அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்துக்கூட்டி ஒரு வரி படிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். சென்ட்ரல் ஸ்கூல்ல போட்டோம், இந்தி, இங்கிலீஷ் இருந்தாத்தான் வேலைன்னு. நான் ஊரான் குழந்தைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கறேன். என் குழந்தைக்கு வராதுன்னு யார்கிட்ட சொல்லிக்க முடியும்? அவர்கிட்டகூடச் சொன்னதில்லை. நன்னா வாசிக்கறான், நன்னா வாசிக்கறான்னு புளுகிண்டே இருந்தேன். அவரும் நம்பிண்டிருக்கார்."

"அப்பம் சார் என்ன நெனச்சிருப்பாரு?"

டீச்சர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அதைத்தான் நெனச்சுப் பார்க்கறேன்" என்றார்.

பத்து நாளில் ஜம்பு சார் வீட்டுக்கு வந்தார். தோளில் பட்டை, முகத்தில் நரைத்தாடி. அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் என்னையும் வரச்சொன்னார். "நீ கூட இரு." ஹரி வந்ததும் தட்டுப் போடவில்லை. ஜம்பு சார் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டீச்சர் ஃபைலைத் திறந்து பிள்ளை கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் ஜம்பு சார் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்.

"வைதேஹி, அது வேண்டாம். முடிஞ்சுபோன விஷயம்."

"நீங்க சும்மா இருங்கோ. ஹரி, பத்தி பதினாலைப் படி. சத்தமாப் படி."

"மா, ப்ளீஸ்... நீயே சொல்லேன், என்னன்னு."

"படிடா!"

அந்த அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பையன் பயந்துபோய்ப் பக்கத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"இரு... சக்... கர. இருசக்கர. வா... க... ன... த்தின்... அனு... அனுகூ... மா, அனுகூலம் மத்லப்?"

"லாபம்."

"லாப... இதுவரை... கு... குறி..." அவன் சிரிக்கப் பார்த்தான். "பஹுத் டஃப் ஹை."

அவன் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் கொஞ்சம் வேகமாகப் படிக்கும். நான் ஜம்பு சாரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டாவது வரி வரும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. நல்ல கையை உயர்த்தி, போதும் போதும் என்று சைகை செய்தார். டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஓட்டு... பவர்... மே மாத... பணியில்... இரு... க்கும்... போதே... இ... ற... ந்... தால்..."

அந்தச் சொல்லுக்கு அவன் அர்த்தம் கேட்கவில்லை. அதற்கப்புறம் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. கடைசிவரைக்கும் போனான். தன் கையெழுத்தைப் பார்த்தான். அதற்குக் கீழே அப்பா எழுதியிருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். எவ்வளவு நேரம்! கீழே பிளாக்கில் காய்கறிக்காரன் 'மட்டர், கோபி' என்று பட்டாணியையும் பூக்கோசையும் கூவிக்கொண்டு ஒரு சுற்று முடித்துவிட்டான்.

"நான் படிக்கலைப்பா" என்றான். "நீ ஃபைல் நீட்டுவே, நான் சைன் பண்ணுவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே."

"தெரியாதுடா" என்றார் ஜம்பு சார். "உனக்குப் படிக்கத் தெரியும்னுதான்..."

"படிச்சுட்டு சைன் பண்ணினேன்னு நெனச்சியா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"நம்பினியா?"

அதற்கும் ஆட்டினார்.

"ரெண்டு மாசம். ஒவ்வொரு சண்டேயும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே. இவன் நான் சாகறதுக்கு சைன் பண்ணினவன்னு நெனச்சுண்டே சாப்பிட்டியா?"

"நான் உன்னைத் தப்பா நெனக்கலைடா கண்ணா. உன்மேல கோபமே வரலை. உனக்கும் வேற வழி இல்லையேன்னு..."

"கோபம் வந்திருக்கலாமேப்பா!" பையன் வெடித்துவிட்டான். "ஒரு தடவை கத்தியிருக்கலாமே. ஏன்டா பாவி சைன் பண்ணினேன்னு கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாமே. கோபமே வரலையாம்!"

ஜம்பு சார் அழுதார். பட்டை கட்டின தோள் குலுங்கினால் வலி உயிர்போகும் என்று எனக்குத் தெரியும், போய்ப் பிடித்துக்கொண்டேன். "நான் வேணும்னு போய் விழலை சிஸ்டர். சத்தியமா இல்லை. விழாம இருக்கணும்னும் பார்த்துக்கலை, அவ்வளவுதான்" என்றார், என்னிடம். பிள்ளையிடம் சொல்லியிருக்கவேண்டியதை என்னிடம் சொன்னார். அவன் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை. வாசலில் ஆணியில் தொங்கின பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். டீச்சர் தடுக்கவில்லை.

மார்ச்சில் எலும்பு கூடிவிட்டது, டியூட்டியில் சேரலாம் என்றார்கள். "மெட்ரோல போய்ட்டு வந்துடறேன்" என்று ஜம்பு சார் தானாகவே சொன்னார். திங்கட்கிழமை எட்டேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். ஹரி நின்றான், கையில் இரண்டு ஹெல்மெட், கீழே பழுதுபார்த்த அப்பா பைக். உள்ளே வரவில்லை.

"அம்மா, அவரைக் கீழே வரச்சொல்லு. நான் கொண்டு விடறேன்."

"அவர் மெட்ரோல போறார்டா. உனக்கு எதுக்கு அலைச்சல்? கிளாஸ் இருக்கு, படிக்கணும்..."

"சைன் பண்ணினது நான்தானே. நான் கொண்டு விடறேன்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முனிர்காவிலிருந்து வருவான், அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான், சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் வாசலில் நிற்பான், கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். சாயங்கால வகுப்பை விட்டுவிட்டான், சென்டரில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். ஏப்ரலில் வெயில் ஏறிற்று. மே மாதத்து லூ காற்று முகத்தில் அனலை அள்ளிக் கொட்டியது. ஒருநாள் தப்பவில்லை. அப்பாவும் பிள்ளையும் அந்த மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஜம்பு சார் அவன் தோளைப் பிடித்துக்கொள்ளமாட்டார், பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். நான் ஒருநாள் லிஃப்டில் வைத்து ஹரியைக் கேட்டேன்.

"இன்னும் எத்தனை நாளுக்கு மக்கா இப்படி? அப்பாட்ட ரெண்டு வார்த்தை பேசுனா கொறஞ்சா போயிருவ?"

"கோல் சக்கர்ல பேசிண்டே ஓட்டக் கூடாது ஆன்ட்டி" என்றான்.

டீச்சர் கார் பேச்சை விட்டுவிட்டார். காலையில் பால்கனியில் நிற்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது இரண்டு ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே மாதத்துக் கடைசி வேலை நாள். அவர்கள் ஆபீஸில் ஒரு வழக்கம், ரிட்டயர் ஆகிறவரை அன்றைக்கு மட்டும் ஆபீஸ் கார் வீட்டில் கொண்டுவந்து விடும். சாயங்காலம் நாலரைக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. கழுத்தில் சாமந்தி மாலை, கையில் ஒரு சுவர்க்கடிகாரம், சால்வை. கூட வந்த மூன்றுபேர் கைகுலுக்கிவிட்டு, சமோசா தின்றுவிட்டுப் போனார்கள். கார் பின்னாலேயே பைக்கும் வந்திருந்தது, பின்சீட் காலியாக. ஹரி அவர்கள் போகட்டும் என்று வராந்தாவிலேயே நின்றான். பிறகு, ஃபைலைப் படித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக, வாசற்படி தாண்டி உள்ளே வந்தான்.

சாவியை மேஜைமேல் வைத்தான்.

"அம்மா, சாவி வச்சிருக்கேன். பெட்ரோல் ஃபுல்லா இருக்கு. வித்துடு."

"உக்காருடா. பாயசம் வச்சிருக்கேன்."

"இல்லம்மா."

ஜம்பு சார் மாலையைக் கழற்றாமல் நின்றார். பையன் கதவுப்பக்கம் திரும்பினபோது, முழுத் தலையையும் வலதுபக்கம் திருப்பி அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஹரி" என்றார். "நாளைக்கு வருவியாடா?"

ஹரி நின்றான். மூன்று மாதத்தில் முதல்முறையாக அப்பாவை நேராகப் பார்த்தான்.

"நாளைக்கு உனக்கு ஆபீஸ் இல்லையேப்பா" என்றான்.